பெயருக்குப் பின்னால் ஒரு கோடு

அறையில் என் பெயர் மரை.
தாமரையில் பாதியா என்று கேட்டார்கள் முதல் நாள்.
இல்லை, போல்ட்டு மரை,
கப்பலூர் சிட்கோவில் லேத்து ஓட்டுகிறேன் என்றேன்.
அதோடு விட்டுவிட்டார்கள்.
பிரிண்டர் ஓடாதவர்கள், லினக்ஸ் ஏறாதவர்கள்,
சும்மா தூக்கம் வராதவர்கள், மொத்தம் பதினான்கு பேர்.
கதவைக் காப்பவன் வாடிப்பட்டிக்காரன், பெயர் கருக்கல்.
கெட்ட வார்த்தைக்கு ஒரு எச்சரிக்கை.
அடுத்ததற்கு உதை.

இரண்டாம் ஷிப்ட் விட்டு, பத்தே முக்கால் பஸ்ஸில்
கம்பிக்கு ஒரு கை, நோக்கியாவுக்கு ஒரு கை.
தீப்பெட்டி அகலத் திரை.
ஒருவர் சொன்னதைப் படித்து முடிப்பதற்குள்
இன்னொருவர் ஏறி அவரை மேலே தள்ளிவிடுவார்.

உப்பு என்று கூப்பிட
எட்டாம் பொத்தானில் இரண்டு தட்டு,
ஏழாம் பொத்தானில் ஒன்று,
கொஞ்சம் பொறுத்து
அதே ஏழில் இன்னொன்று
(பொறுக்காவிட்டால் வேறு எழுத்தாகிவிடும்),
மறுபடி எட்டில் இரண்டு.

உப்பு எந்த ஊர், ஆணா பெண்ணா, கேட்டதில்லை.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ராத்திரி வேலை.
குழாய்களைப் போட்டு எந்திரத்தைச் சுற்றவிட்டு
அது நிற்கும் வரை அறைக்கு வந்துபோகும்.
உன்னோடதும் சுத்துது என்னோடதும் சுத்துது
என்று ஒருநாள் எழுதியது.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை
சுருண்டு வந்த இரும்புச் சீவல்
வலது கட்டைவிரலில் மேல்கணுவைக் கொண்டுபோனது.
பாத்து செய்யக் கூடாதாய்யா என்றார் சூப்பர்வைசர்,
விரலைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்து.
இ.எஸ்.ஐ.யில் தையல். பன்னிரண்டு நாள் லீவு, பாதிச் சம்பளம்.

பதின்மூன்றாம் நாள் பஸ்ஸில்
வலது முழங்கையைக் கம்பியில் மாட்டிக்கொண்டு
இடது கையால் உள்ளே போனேன்.
யாரிடமும் சொல்லவில்லை. வணக்கம் மட்டும்.
உப்பு கேட்டது:
இன்னிக்கு நெட்டு ரொம்ப இழுக்குதா?
இல்லை என்று அடித்து முடிப்பதற்குள்
திருநகர் போய்விட்டது.
அப்போ விரலா?

என்ன சொல்வது.
ஆமா என்றேன். எந்த விரல் என்றும் சொன்னேன்.

இத்தனை நாளும் இங்கிலீஷ் எழுத்தில்
தமிழ் பேசிக்கொண்டிருந்த உப்பு
அன்றைக்குத்தான் தமிழ் எழுத்தில் ஒரு வரி அனுப்பியது.
என் போனுக்குத் தமிழ் தெரியாது.
வெறும் கட்டம் கட்டமாக வந்து விழுந்தது.
அதற்குள் பரங்குன்றத்து மலை குறுக்கே வந்து
டவரும் போய்விட்டது.

மலைக்குப் பின்னால் உட்கார இடம் கிடைத்தது.
கட்டங்களை எண்ணினேன். முப்பத்தொன்று.
நடுவில் நான்கு இடைவெளி. ஆக ஐந்து சொல்.
மூன்றாவது சொல் ரொம்ப நீளம்.
கண்டக்டரிடம் பேனா வாங்கி
டிக்கெட்டின் பின்பக்கம் அப்படியே போட்டுவைத்தேன்,
கோணல் மாணலாக, இடதுகைக் கட்டங்கள்.

பசுமலையில் டவர் வந்தது.
மரை என்று நுழைந்தால்
அந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார் என்றது.
எனக்கு முன்னால் நானே
எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.
பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டுக்கொண்டு
மரை_ என்று உள்ளே போனேன்.

ரெண்டு மரை இருக்கே, எதுய்யா நல்ல மரை? என்றான் கருக்கல்.
கோடு போட்டது, என்று எழுதினேன்.
சிரித்தார்கள்.
அந்த இன்னொருவனுக்குப் பத்து விரலும்
இருக்கும் என்று ஏனோ தோன்றியது.

படிச்சியா? என்றது உப்பு.
எங்கள் இருவரில் யாரிடம் என்று தெரியவில்லை.
ஆறாம் பொத்தானை ஒரே ஒரு தட்டு.
ம்.

சர்வர் எல்லோரையும் அவ்வப்போது
இருக்கியா என்று கேட்கும்.
இருக்கேன் என்று போனே சொல்லிவிடும், நமக்குத் தெரியாமல்.
அவனுக்குப் போன் இல்லை.
பழங்காநத்தம் ரவுண்டானாவில் அவனை வெளியே தள்ளிற்று:
இருநூற்று நாற்பது நொடி, பதில் இல்லை.

பேரு காலியாயிருச்சு, எடுத்துக்கய்யா, என்றான் கருக்கல்.
எடுக்கலாம். ஒரு கட்டளைதான்.
இருக்கட்டும் கருக்கல், நாளைக்குப் பாப்போம்.

பெரியாரெல்லாம் எறங்கு என்று தகரத்தைத் தட்டினார்கள்.
இடது கையால் கம்பியைப் பிடித்து இறங்கினேன்.
மேல்பையில், டிக்கெட்டுக்குப் பக்கத்தில்,
எனக்குப் பதிலாகப் போன்
இருக்கேன் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.